அதே மாடல்

செயினைக் கழற்றியதும் மனைவியின் கழுத்தில் ஒரு பச்சைக் கோடு தெரிந்தது.

நர்ஸ் குனிந்து பார்த்தாள். ஈரப் பஞ்சால் துடைத்தாள். கோடு பாதி போயிற்று. மீதி அப்படியே இருந்தது.

"இது கவரிங்கா சார்?"

"தங்கம்," என்றார் அவர். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டார். பக்கத்துப் படுக்கை நோயாளி விழித்துக்கொண்டாள்.

"தங்கம்னா பச்சை ஏறாதே."

"வேர்வையா இருக்கும், விடும்மா," என்றாள் மனைவி, கண்ணை மூடியபடியே.

அதோடு விட்டிருக்கலாம். அவருக்கு விடத் தெரியவில்லை.

"நேத்து ஒரு ஊசி போட்டீங்களே, அதனால இருக்குமோ?"

நர்ஸ் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்து ஏதோ எழுதினாள். மயக்க மருந்து டாக்டர் வந்து எழுதியிருந்ததைப் படித்தார். கோட்டைப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

"மருந்து ஒத்துக்கலைன்னு சந்தேகம் வந்தப்புறம் நான் மயக்கம் கொடுக்க மாட்டேன். தோல் டாக்டர் பார்க்கட்டும்."

பத்து மணிக்கு நடக்கவிருந்த அறுவை சிகிச்சை தள்ளிப்போனது. காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் கிடந்த மனைவி கண்ணைத் திறந்தாள்.

"அப்போ ஒரு காபி கிடைக்குமாங்க?"

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். முப்பத்தோரு வருட வேலை. தெருவில் எல்லோருக்கும் அவர் லென்ஸ்காரர். ஒரு தலைமுடி அளவு பிசகினாலும் அவர் விரல் நுனிக்குத் தெரிந்துவிடும். பதினோரு வருடங்களுக்கு முன், சொந்தக் கடை போடலாம் என்று கூட்டாளி ஒருவன் சொன்னபோது மட்டும் எதுவும் தெரியவில்லை. மனைவியின் செயினை விற்றுக் கொடுத்தார். கடை வந்தது. கூட்டாளியின் பெயரில் வந்தது.

அது அவளுடைய அப்பா போட்ட செயின். இரண்டு மகள்களுக்கும் ஒரே மாதிரி சொல்லிச் செய்தது. ஏழு வளையங்களுக்கு ஒரு சின்ன இலை. விற்பதற்கு முன் அதை ஒரு கவரிங் கடைக்குக் கொண்டுபோய் அதே போல ஒன்று செய்துகொண்டார். தங்கத்தில் புதிதாக ஒன்று வாங்கிவிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்பது திட்டம். தங்கத்தின் விலை அவரைவிட வேகமாக ஏறியது.

கவரிங் செயின் எட்டு மாதம் தாங்கும். அப்புறம் கொக்கியிலிருந்து கறுக்க ஆரம்பிக்கும். மனைவி குளிக்கப் போகும்போது அதைக் கழற்றிக் கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டுவாள். குளிக்கப் பதினோரு நிமிடம். பழையதை எடுத்துப் புதியதை மாட்ட அரை நிமிடம். மீதிப் பத்தரை நிமிடமும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார்.

சின்னச் சின்ன விபத்துகள் நடந்தன. நாலாவது செயின் அரை அங்குலம் குட்டையாக வந்துவிட்டது.

"நான் குண்டாயிட்டேனாங்க?" என்று கேட்டு, இரண்டு வாரம் இரவுச் சாப்பாட்டை நிறுத்தினாள். பயந்துபோய் அடுத்ததைக் கொஞ்சம் நீளமாக வாங்கினார். "பாத்தீங்களா, இளைச்சுட்டேன்," என்று சொல்லி அன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டாள். எட்டாவது செயினின் கொக்கி எதிர்ப்பக்கம் திறந்தது. மூன்று நாள் கழுத்துக்குப் பின்னால் கையை வைத்துத் துழாவினாள். "கை மறந்துபோச்சு போல," என்றாள்.

மகள் அலுவலகத்துக்குப் போகிறவள். உடைக்கு ஒரு தோடு, தோட்டுக்கு ஒரு மாலை என்று சின்னச் சின்ன அறைகள் வைத்த பிளாஸ்டிக் பெட்டி நிறைய வைத்திருந்தாள். ஒருநாள் மனைவி அதிலிருந்து நீலக்கல் தொங்கட்டான் ஒன்றை எடுத்துக் காதருகே பிடித்துப் பார்த்தாள்.

"இது எவ்வளவுடி?"

"ரெண்டு டீ விலைம்மா. போட்டுக்கோயேன்."

அவர் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தார். கவரிங் பழகிவிட்டால் கவரிங்கைப் பார்க்கவும் பழகிவிடுவாளே.

"தங்கம் போட்டிருக்கிற கழுத்துக்கு மேல இது எதுக்கு? பாக்கறவங்க செயினையும் கவரிங்னு நினைச்சுக்குவாங்க."

அவள் தொங்கட்டானை அதே அறையில் வைத்து மூடியை அழுத்தினாள்.

"அதுவும் சரிதான்," என்றாள்.

இப்போது சட்டைப்பையில் இருப்பது பதினைந்தாவது செயின். அவள் கழுத்தில் பச்சைக் கோடு இருப்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறார். இத்தனை வருடமும் செயினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தைப் பார்த்ததில்லை.

மதியம் தோல் டாக்டர் வந்தார்.

"கழுத்துல என்ன போட்டிருந்தாங்க?"

"தங்கச் செயின்."

"கொண்டு வாங்க, பார்க்கலாம்."

"வீட்டுக்குக் கொடுத்து அனுப்பிட்டேன் டாக்டர்."

"வீடு எங்கயும் ஓடிடலையே? எடுத்துட்டு வாங்க."

வராந்தா முனையில் ஒரு குப்பைத் தொட்டி இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு பதினைந்தாவது செயினை அதில் போட்டார். பஸ் ஏறிக் கவரிங் கடைக்குப் போனார்.

சின்னக் கடை. மூன்று பக்கமும் கண்ணாடி. உணவு இடைவேளையில் வந்த அலுவலகப் பெண்களும் கல்லூரிப் பெண்களும் ஒருவர் காதில் ஒருவர் தோட்டை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் முகத்தில் கவலையில்லை. கடைக்காரப் பெண் ஒரு காதில் ஒரு மாடலும் மறு காதில் வேறு மாடலும் மாட்டியிருந்தாள். இரண்டையும் விற்க வேண்டும்.

"வாங்க, அதே மாடல் சார்!"

பெண்கள் திரும்பிச் சிரித்தார்கள்.

"போன தடவை வாங்கி ஆறு மாசம்கூட ஆகலையே?"

"கறுத்துப்போச்சு."

"ஒரு தடவையாவது வேற மாடல் எடுத்துப் பாருங்க சார். இந்தப் பொண்ணு திங்கக்கிழமை சிவப்பு, செவ்வாய்க்கிழமை பச்சைன்னு வாரம் முழுக்க மாத்துது. தங்கம் வாங்கினா அதை பீரோதான் போட்டுக்கும். இது நாம போட்டுக்கறது. தொலைஞ்சா அழ வேண்டாம். கறுத்தா தூக்கிப் போட்டுடலாம்."

"அதே மாடல் போதும்."

"அங்கிளுக்கு மனசு மாறவே மாறாது போல," என்றாள் ஒரு கல்லூரிப் பெண். "இப்படி ஒருத்தர் கிடைக்கணும்டி."

அவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

தோல் டாக்டர் பதினாறாவது செயினைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இலை இலையாகப் பார்த்தார்.

"நல்ல செயின். ஒரு கறைகூட இல்லை. அப்போ இதுல தப்பில்லை. உள்ளேதான் ஏதோ இருக்கு. கல்லீரலைப் பார்த்துடணும்."

மனைவியிடமிருந்து நான்கு குப்பி ரத்தம் எடுத்தார்கள். நரம்பு கிடைக்காமல் இரண்டு இடத்தில் குத்தினார்கள். அவள் முகத்தைச் சுளிக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் எப்படியும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். சாயங்காலம் கொழுந்தியாள் வந்தாள்.

"என்ன அத்தான், கழுத்துல பச்சையாமே? அந்தச் செயினைக் காட்டுங்க."

அவள் தன் செயினையும் கழற்றினாள். இரண்டையும் போர்வை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"அடேயப்பா! அக்காவோடது நேத்துச் செஞ்ச மாதிரி இருக்கு. என்னோடது இப்படி மங்கிக் கிடக்கே."

"உங்க அக்கா பத்திரமா வெச்சிருக்கா," என்றார் அவர்.

"ரெண்டும் ஒரே நாள்ல செஞ்சது அத்தான். நாளைக்கு நகைக்கடைல ரெண்டையும் கொடுத்துப் பாலிஷ் போட்டுட்டு, அப்படியே எடையும் பார்த்துட்டு வர்றேன்."

"வேண்டாம்."

"ஏன்?"

"ஆஸ்பத்திரி லாக்கர்லதான் வைக்கணுமாம். கண்டிப்பா சொல்லிட்டாங்க."

"நோயாளி செயினை அவங்க எதுக்கு வாங்கி வைக்கணும்?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? சட்டம்."

செயினை எடுத்துக்கொண்டு போனார். மாடிப்படியில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்தார். செயின் கால்சட்டைப் பையில் இருந்தது.

"வெச்சாச்சா?" என்று கேட்டாள் மனைவி.

"வெச்சாச்சு."

"நீங்க சாப்பிட்டீங்களா?"

மறுநாள் காலையில் அவர் காபி வாங்கிக்கொண்டு திரும்பும்போது வார்டு வாசலில் கூட்டம் கூடியிருந்தது. கொழுந்தியாள் லாக்கர் அறைக்குப் போயிருக்கிறாள். பதிவேட்டில் அப்படியொரு செயின் இல்லை. அவள் போட்ட சத்தத்தில் மூன்று மாடியும் இறங்கி வந்திருந்தது.

"எங்கப்பா போட்ட செயின்! லாக்கர்ல வெச்சாச்சுன்னு அத்தான் சொன்னாரு! இங்கயே யாரோ அடிச்சுட்டாங்க!"

வார்டு துடைக்கும் ஆயாவைக் காவலாளி நிறுத்தி வைத்திருந்தான். அவளுடைய துணிப்பையை பெஞ்சில் கவிழ்த்தான். ஒரு சாப்பாட்டு டப்பா, சீப்பு, கிழிந்த குடை, மருந்துச் சீட்டு ஒன்று. கடைசியாக ஒரு செயின்.

"அக்கா செயின்!" என்று கொழுந்தியாள் பாய்ந்து எடுத்தாள்.

"குப்பைல கிடந்ததும்மா," என்றாள் ஆயா. "யாரோ தூக்கிப் போட்டிருந்தாங்க. சத்தியமா நான் யார் கழுத்திலேயும் கை வைக்கலை."

கொழுந்தியாள் கொக்கியைத் திருப்பினாள். கறுப்பு. கீழே பச்சை. உள்ளங்கையில் போட்டு எடை பார்த்தாள்.

"சீ, இது கவரிங்." பிறகு இலையை எண்ணினாள். வாய் திறந்தபடி நின்றது. "ஆனா நம்ம மாடல்!"

லென்ஸ்காரர் காபியைத் தரையில் வைத்தார். கால்சட்டைப் பையில் கைவிட்டுப் பதினாறாவது செயினை எடுத்து நீட்டினார்.

"நம்ம செயின் இதோ இருக்கு. அந்தம்மாவை விடுங்க."

"லாக்கர்ல வெச்சேன்னீங்களே?"

"கூட்டமா இருந்தது. வந்துட்டேன்."

கொழுந்தியாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அத்தான், உங்களுக்கு வயசாயிடுச்சு." பிறகு கறுத்த செயினைத் தூக்கிக் காட்டினாள். "இதைப் பாத்தீங்களா? எங்கப்பா யோசிச்சு யோசிச்சுச் செஞ்ச மாடலை எவனோ காப்பி அடிச்சு விக்கறான். நல்லாவே இருக்க மாட்டான்."

"இருக்க மாட்டான்," என்றார் அவர்.

கூட்டம் கலைந்தது. ஆயா குனிந்து தன் சாமான்களைப் பைக்குள் எடுத்து வைத்தாள்.

"மன்னிச்சுக்கம்மா," என்றார்.

"பரவால்லை சார். உங்களோடது கிடைச்சுடுச்சுல்ல." கறுத்த செயினை முந்தானையில் தேய்த்தாள். "இது யாரோடதோ தெரியலை. கேட்டு வரலைன்னா நானே போட்டுக்கறேன். எனக்கு இது போதும்."

போட்டுக்கொண்டு வார்டுக்குள் துடைக்கப் போனாள். மனைவியின் கட்டிலுக்கு அடியில் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். மனைவி அவள் கழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உனக்கு நல்லா இருக்கு," என்றாள்.

அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. நேராக டாக்டர் அறைக்குப் போனார். அறுவை சிகிச்சை டாக்டரும் தோல் டாக்டரும் ரத்தப் பரிசோதனை அறிக்கையை மேஜையில் விரித்து வைத்திருந்தார்கள்.

"டாக்டர், அது கவரிங்."

"எது?"

"செயின். அந்தப் பச்சை அதனாலதான். மருந்தால இல்லை. கல்லீரலால இல்லை. என்னாலதான்."

"நான் பார்த்தேனே, பளபளன்னு இருந்ததே," என்றார் தோல் டாக்டர்.

"நேத்துக் காலைல கழட்டினது ஒண்ணு. மத்தியானம் நீங்க பார்த்தது இன்னொண்ணு. ரெண்டும் கவரிங்."

இரண்டு டாக்டர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்க மனைவிக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"அவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு எங்களைக் கல்லீரல் வரைக்கும் அலைய விட்டுட்டீங்க," என்றார் தோல் டாக்டர். சிரிக்கப் பார்த்தார். லென்ஸ்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"நாளைக்குக் காலைல ஆபரேஷன்," என்றார் மற்றவர். "போங்க."

"ரெண்டு நாள் தள்ளிப்போனதால ஏதாவது…"

"ரெண்டு நாள்ல எதுவும் மாறலை." டாக்டர் அறிக்கையை மடித்தார். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வந்திருக்கணும்."

மறுநாள் காலை சக்கரக் கட்டில் வருவதற்கு அரை மணி நேரம் இருந்தது. மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விடுங்க."

திறந்துவிட்டு வந்தார்.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி…"

"வீட்டுல கேஸ் தீர்ந்திருக்குமே. சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். நான் சொல்றதைக் கேளு. உன் செயின்…"

"தலைகாணியைக் கொஞ்சம் மேல தூக்குங்க. கழுத்து வலிக்குது."

தூக்கி வைத்தார். அவளுடைய தலை அவர் கையில் கனமே இல்லாமல் இருந்தது. கோடு இன்னும் லேசாகத் தெரிந்தது.

"கேளு. நான் ஒரு தப்பு…"

"வந்து கேக்கறேங்க," என்றாள். "என்ன அவசரம்? எங்க ஓடிடப் போறேன்?"

கட்டில் வந்தது. அவளை மாற்றிப் படுக்க வைத்தார்கள். வெறும் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"லேசா இருக்கு," என்று சிரித்தாள்.

நான்கு மணி நேரம் ஆகும் என்றார்கள். ஒன்றரை மணி நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். முகமூடியைக் கழற்றி நான்காக மடித்தார். பிரித்தார். மறுபடியும் மடித்தார்.

மூன்று வாரம் கழித்து மகள் அம்மாவின் பீரோவைத் திறந்தாள். புடவைகளைப் பிரித்தார்கள். செயின் மகளுக்கு என்று கொழுந்தியாள் சொன்னாள். சொன்ன கையோடு அவள் கழுத்தில் போட்டும்விட்டாள்.

மகள் தன் பிளாஸ்டிக் பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். "சித்தி, இதையெல்லாம் உங்க பொண்ணுக்கு எடுத்துட்டுப் போங்க. இனிமே நான் வேற எதுவும் போட மாட்டேன்."

"அழகுக்கு ரெண்டு வெச்சுக்கடி."

"வேண்டாம். இது போதும். அம்மா குளிக்கும்போது மட்டும் கழட்டுவாங்க. நான் அப்பவும் கழட்ட மாட்டேன்."

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். எட்டு மாதம் தாங்கும். தினமும் சோப்பு பட்டால் நான்கு.

"அது வந்தும்மா," என்று ஆரம்பித்தார்.

மகள் அவர் தோளில் முகத்தை வைத்து அழ ஆரம்பித்தாள். செயின் அவர் கன்னத்தில் குத்தியது. சொல்ல வேண்டியவளிடமே சொல்லவில்லை. இனி யாரிடம் சொல்லி என்ன? முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் கவரிங் கடைக்குப் போனார். உணவு இடைவேளை முடிந்திருந்தது. கடைக்காரப் பெண் கண்ணாடிகளில் இருந்த விரல் தடங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க, அதே மாடல் சார். இப்பத்தானே வாங்கிட்டுப் போனீங்க?"

"இந்தத் தடவை நாலு வேணும். வெச்சிருந்து போட்டுக்கற மாதிரி."

"நாலு எங்க சார் இருக்கு? கடைசியா இருந்த ஒண்ணைத்தான் அன்னைக்கு எடுத்துக் கொடுத்தேன்."

"வரவழைச்சுக் கொடு. காத்திருக்கேன்."

"பட்டறைல நிறுத்திட்டாங்க. பழைய மாடல், யாரும் கேக்கறதில்லை. முன்பணம் இல்லாம போட மாட்டாங்களாம்."

"இத்தனை வருஷமா ஒரு தடவைகூட இல்லைன்னு நீ சொன்னதில்லையே. எப்ப வந்தாலும் இருக்குமே."

அவள் துடைக்கிற துணியைக் கீழே வைத்தாள். வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு அவர் பக்கம் குனிந்தாள்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் சொல்லியிருக்காங்க சார், வருஷா வருஷம் உங்க வீட்டம்மாதான் வந்து பட்டறைக்கு முன்பணம் கட்டி, 'இந்த மாடலை மட்டும் நிறுத்திடாதீங்க, அவர் வந்து நிக்கும்போது இல்லைன்னு சொன்னா பயந்துபோயிடுவார்'னு சொல்லிட்டுப் போவாங்க, இந்த வருஷம் ஏன் வரவே இல்லை?"